மூன்று ஓட்டையும் ஒரு தகவலும்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உன் சளி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

வங்கி வேலையை விட்டுவிட்டு ரயில் ஓட்டும் பயிற்சிக்குப் போகிறேன் என்றாய், போன வாரம் போனில் கத்திவிட்டு வைத்தேன். அப்புறம் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு, வாதங்களில் ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறேன் இல்லையா, பிள்ளைகள் பிய்த்து உதறுகிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகும் வாதத்துக்குச் சறுக்குமரம் என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் கேட்ட வாதம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன், டீச்சர் நீங்களும் எழுதுங்க என்று பிடித்துக்கொண்டார்கள். நானும் ஒரு மிதப்பில், யார் சொன்னது என்று சொல்லாமல், உன்னிடம் பேசியதையே கரும்பலகையில் எழுதினேன். மாமா பெண் வேலையை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், நீயும் அப்படித்தான் ஆவாய். இன்று வேலையை விடுவாய், நாளை வீட்டை மறப்பாய், அப்புறம் எங்களையே மறப்பாய். பத்து மாதம் சுமந்தவள் சொல்கிறேன், அதனால் இது சரி. எழுதி முடித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருத்திய வச்சு எல்லாரையும் அளக்கறாங்க என்றான் ஒருவன், கடைசி பெஞ்சு முழுக்கச் சறுக்குமரம் என்று கத்தியது. சுமந்தா பாசம் வரும் டீச்சர், ரயிலப் பத்தி எப்படித் தெரியும் என்று கேட்டாள் முன்வரிசைக்காரி. எனக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை. வாயே திறக்காத ஒருத்தி அப்போது எழுந்து, வாதம் ஓட்டைங்கறதால முடிவும் தப்புன்னு ஆயிடாது, அந்த அம்மாகிட்ட வேற நல்ல காரணம் இருக்கான்னு கேக்கணும் என்றாள். அதை நான் இன்னும் நடத்தவே இல்லை, அவளாகவே கண்டுபிடித்தாள். கைதட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த வேறு காரணத்தைத் தேடு தேடு என்று தேடினேன். பயம்தான் இருந்தது, அதுவும் என்னுடைய பயம். அப்பாவிடம் சொன்னால், இதத்தான நான் அன்னைக்கே சொன்னேன் என்கிறார். சொல்லவே இல்லை. மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்றாயே அந்த விண்ணப்பம், இதைப் படித்த கையோடு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. எனக்காக நிறுத்தி வைக்காதே.

நீ நன்றாக இருப்பாய், உன் ரயிலும் நேரத்துக்குப் போய்ச் சேரும். பல் டாக்டரைப் பார்க்க மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பத்து மாதம் சுமந்த அம்மா.
(இது வாதமில்லை, தகவல்.)