உச்சிக் குச்சி

அவீனோவின் அப்பாவுக்கு, தோர்சிலா எழுதுவது. இங்கே நான் நலம். நீங்களும் நலம் என்றுதான் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சொல்ல வேண்டிய நிலை வந்ததால்தான் இந்தக் கடிதம்.

நான் மண் வீட்டில் குடியேறினால் உங்கள் மானம் போய்விடும் என்று உங்கள் தம்பி ஓகுத்து மூலம் சொல்லியனுப்பியிருந்தீர்கள். பள்ளியை விட்டு வந்தும் எடுத்துக்காட்டு சொல்லும் பழக்கம் எனக்குப் போகவில்லை. நீங்கள் தொடங்கிவைத்த சிமெண்ட் வீடு ஜன்னல் உயரத்தோடு நிற்கிறது. ஆடுகள் குடியிருக்கின்றன. மழை வந்தால் அவையும் என் மண் வீட்டு இறவாரத்துக்கு ஓடி வந்துவிடுகின்றன.

ஊர்க் கூரைக்காரர் ஓமோலோ கம்பு நட்டுப் புல்கூரை கட்டினார். புற்றுமண்ணும் சாணமும் குழைத்துச் சுவர் பூசியது நாங்கள் பெண்கள். தகரக் கூரையின் கீழ் மதிய வகுப்பில் பிள்ளைகள் சுருண்டு விழுந்ததைக் காலமெல்லாம் பார்த்தவள் நான். இந்த வீட்டில் உச்சி வெயிலிலும் தலை வலிப்பதில்லை. முதலில் சிரித்தவர்கள் இப்போது தங்கள் மகன்களுக்கும் இப்படியே கட்டக் கம்பு வெட்டுகிறார்கள். கடன் இல்லாமல் ஒரு வீடு எழும் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

கடைசியில் கூரை உச்சியில் குச்சி நட வேண்டிய நேரம். ஓமோலோ மேலிருந்து, "டீச்சர், வீட்டுக்காரர் இருக்காரா, இல்லையா? ஒரு முடிவு சொல்லுங்க" என்றார். அப்படியே விட்டு இறங்கச் சொன்னேன்.

மொட்டை உச்சி என்றால் கணவன் செத்தான் என்றுதானே நம் ஊரில் பொருள். மறுநாளே தேவாலயப் பெண்கள் சர்க்கரையும் தேயிலையும் சுமந்து அழுதுகொண்டு வந்துவிட்டார்கள். "எப்ப நடந்துச்சு டீச்சர்?" என்று கேட்டாள் நெரியா. உயிரோடுதான் இருக்கிறார் என்று விளக்கினேன். சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்தும் வாங்கவில்லை. "வச்சுக்குங்க டீச்சர். இன்னைக்கு இல்லேன்னாலும் என்னைக்காவது வேணும்" என்றாள்.

பின்னாலேயே ஓகுத்து குதித்துக்கொண்டு வந்தார். "எங்கண்ணன் கல்லு மாதிரி இருக்காரு! போன மாசங்கூட மொம்பாசாவுல தன் வீட்டுக்கு மாடி எழுப்பினாரு" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த மாடியில் எவள் துணி உலர்த்துகிறாள் என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டுச் சிமெண்ட் எங்கே போயிற்று என்று தெரிந்ததே போதும்.

குச்சியைச் சீவி உள்ளே சாய்த்துவைத்திருக்கிறேன். உச்சியை வாழையிலையால் பொத்தியிருக்கிறோம். பெருமழை வரை தாங்கும். அதற்குள் வந்தால் நீங்களே ஏறி நடலாம், ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். வராவிட்டால் ஓமோலோ குச்சி இல்லாமலே உச்சியைக் கட்டி மூடிவிடுவார். வீடு ஒழுகாது.

சர்க்கரையை இன்னும் பிரிக்கவில்லை.

கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

மழை வரும்வரை உங்கள் மனைவி,
தோர்சிலா