துடைக்க மட்டும் கொடுத்தீர்கள்

வீடு முழுக்க ஸ்பிரிட் வாசம் அடிக்கிறது. ஊசி போடுவதற்கு முன்னால் கையில் தேய்ப்பார்களே, அதுதான். கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரியில் உங்களைக் கிடத்தியிருந்தபோது என் சேலையில் ஏறிய வாசம். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. அன்றைக்கு அந்த வாசத்தில் நான் அழுதது உண்மை. இன்றைக்கு அழுகை வரவில்லை, வயிறு எரிகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இது. பிழை இருந்தால் அங்கேயே வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். இங்கே இருந்தவரைக்கும் நான் வாயைத் திறந்தால் திருத்தியவர்தானே.

ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தது நம் மகள் செல்வி. தேய்த்தது இலக்கியாவின் சைக்கிளை. இலக்கியா, செல்வியின் மகள். நீங்கள் போகும்போது தவழ்ந்துகொண்டிருந்தவள், இப்போது மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். தன் சம்பளத்தில் மலையில் ஓட்டுகிற சைக்கிள் வாங்கியிருக்கிறாள். மாப்பிள்ளை லாரியோடு வடக்கே போனால் லேசில் திரும்பமாட்டார். வீட்டில் நாங்கள் பொம்பளைகள் மூன்று பேர்தான்.

அந்தச் சைக்கிள் என் உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டியில் வந்தது. பாதி கழற்றி அனுப்பியிருந்தார்கள். இலக்கியா கூடத்தில் போர்வையை விரித்து, ஹேண்டில்பாரை மாட்டி, முன்சக்கரத்தைப் பூட்டி, பெடலை முறுக்கினாள். இடதுபக்கப் பெடலை மட்டும் எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டுமாம். முன்னால் ஒரு ஷாக்கு, பின்னால் சீட்டுக்குக் கீழே ஒரு ஷாக்கு. பள்ளத்தில் இறங்கினால் வண்டியே அமுங்கி எழுந்துகொள்ளும், ஆளுக்கு இடுப்பு ஒடியாது. எதிர்வீட்டுப் பாண்டி, டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், வாசலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் தாயி, ஸ்டாண்டு எங்க?"

"ஸ்டாண்டு கிடையாது மாமா."

"கேரியரு?"

"அதும் கிடையாது."

"மட்கார்டு? மணி?"

"ஒண்ணும் கிடையாது மாமா. எடை கூடும்ல."

"அப்ப இம்புட்டுத் துட்டு எதுக்கு வாங்குனான்? அதையெல்லாம் கழட்டுன கூலியா?"

தெருவே சிரித்தது. நானும்தான்.

பூட்டி முடித்தால் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். தலைக்கவசம் மாட்டி, தண்ணீர் நிரப்பிய பையை முதுகில் போட்டு, மலைக்குப் போகிற கோலத்திலேயே அவள் வண்டியில் ஏறினாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றி மெதுவாக உட்கார்ந்து, மெதுவாக இறங்கினாள். ஷாக்கில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. உட்கார்ந்ததில் அது எவ்வளவு தூரம் தள்ளிப்போயிருக்கிறது என்று குனிந்து பார்த்தாள்.

"என் எடைக்குத் தக்கன காத்து வைக்கணும் அம்மாச்சி. கூடிப்போனா கல்லு மாதிரி தூக்கிப் போடும். கொறஞ்சா அடியில போயி இடிக்கும்."

கைக்கு அடக்கமான ஒரு பம்பால் அவள் ஷாக்குக்குள் காற்றை ஏற்றவும் இறக்கவும் செய்தாள். பம்பில் கடிகாரம் மாதிரி ஒரு முள் இருக்கிறது, அது எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு. தப்பாமல் சொன்னேன். ஏறுகிறவள் யார், எடை என்ன, பையில் என்ன வைத்திருக்கிறாள் என்று கேட்டுத் தன்னை மாற்றிக்கொள்கிற வண்டியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். உங்கள் வண்டிக்கு நாங்கள்தான் மாற வேண்டியிருந்தது. சேலையைச் சுருட்டி, காலை மடக்கி, மூச்சைப் பிடித்துக் கேரியரில் உட்கார்ந்தால் "ஆடாத, ஆடாத" என்பீர்கள்.

அடுப்படியிலிருந்து செல்வி கத்தினாள்: "பொட்டப்புள்ளைக்கு மலையில என்ன வேலை? விழுந்து மூஞ்சி பேந்தா எவன் வருவான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல் அவளுடையது, பேச்சு உங்களுடையது. ஒரு வார்த்தை மாறவில்லை.

உங்கள் சைக்கிளை நான் மறக்கவில்லை. மில் அடுத்த தெருவில் இருந்தது. சங்கு ஊதினால் நம் வீட்டுச் சட்டிபானை அதிரும். நீங்கள் வேலைக்கு நடந்தே போனீர்கள். சைக்கிள் வீட்டு நடையில் சங்கிலி போட்டு நின்றது. சாவி உங்கள் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பீர்கள். செல்வி பழைய பனியன் துணியைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து, கம்பி கம்பியாக, ரிம்மெல்லாம் மினுங்க மினுங்கத் துடைப்பாள். அந்தப் பிள்ளை தலைக்கு எண்ணெய் கேட்டால் "ஒரு சொட்டு போதும்" என்பவர், சைக்கிளுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தீர்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு சுற்று, ஒரு டீ, திரும்ப வீடு. ரிம்மில் அவ்வளவு எண்ணெய் இருந்தால் பிரேக் எங்கே பிடிக்கும்? காலை ஊன்றித்தான் நிறுத்துவீர்கள். செருப்பு தேய்ந்ததே தவிர உங்களுக்குப் புத்தி வரவில்லை.

செல்வி பத்தாவது நல்ல மார்க்கில் பாஸ் செய்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. ஆற்றைத் தாண்டித் தல்லாகுளம் போக வேண்டும். பஸ்ஸில் ஆம்பளைப் பிள்ளைகள் இடிப்பார்கள், பஸ் வேண்டாம் என்றீர்கள். அவள் உங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"சும்மா நிக்கிற வண்டிதானப்பா. ஓட்டிப் பழகி நானே போயிட்டு வந்துர்றேன்."

பேப்பரை விட்டு நீங்கள் தலையைத் தூக்கவில்லை. "தொடைக்கிறதுன்னா தொடு. ஓட்டுறதுன்னா தொடாத."

அத்தோடு அவள் படிப்பு முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் துணியை எடுத்துக்கொண்டு துடைக்கத்தான் உட்கார்ந்தாள். நான் சண்டை போட்டேன். நீங்கள் அசையவில்லை. அந்த மாசம் முழுக்க உங்களுக்குச் சோறு போட்டேன், பேச்சை நிறுத்தினேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? "இப்பத்தான் வீடு அமைதியா இருக்கு." சந்தோஷமாகச் சொன்னீர்கள்.

குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், தங்கமான மனுசன் என்று தெரு முழுக்க உங்களுக்குப் பேர். குடிகாரராக இருந்திருந்தால் என் பக்கம் பேச நாலு பொம்பளைகள் வந்திருப்பார்கள். நீங்கள் நல்லவராயிற்றே, ஒருத்தியும் வரவில்லை. உங்கள் காரியம் முடிந்த கையோடு அந்தச் சைக்கிளைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. செல்வி ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா நினைவாக வைத்திருக்கலாமே என்று அழுதாள்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். காற்றெல்லாம் வைத்து முடித்த அடுத்த ஞாயிறு விடிந்ததும் இலக்கியாவும் ஆபீஸ் தோழிகளும் சைக்கிள்களைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு நாகமலைக்குப் போனார்கள். அடிவாரத்தில் ஆடு ஏறுகிற தடம் ஒன்று பாறையும் சரளையுமாக இறங்குகிறது. தள்ளிக்கொண்டே மேலே ஏறிவிட்டு, அதில் இறங்கும்போது இலக்கியா பிரேக்கைப் பிடித்திருக்கிறாள். கீச்சென்று சத்தம்தான் வந்தது, வண்டி நிற்கவில்லை. சீமைக்கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தாள். தலைக்கவசம் இருந்ததால் தலை தப்பியது. மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டு கையில் மாவுக்கட்டு.

செல்வி ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

"எங்கப்பா சொன்னது சரிதான். பொட்டப்புள்ள கையில வண்டியக் குடுக்கக் கூடாது. பாண்டியண்ணே, எவனாச்சும் கேட்டா வித்து விடுங்கண்ணே. அது இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

இலக்கியா எதிர்த்துப் பேசுவாள் என்று பார்த்தேன். அவளே, "வித்துரலாம் அம்மாச்சி," என்றாள். "புது பிரேக்கே பிடிக்கல. இனி அத எப்பிடி நம்பி ஏறுறது? நெனச்சாலே கை நடுங்குது."

எனக்கு அந்த நடுக்கம்தான் பயமாக இருந்தது. எலும்பு கூடிவிடும். ஒருமுறை வேண்டாம் என்று வைத்தால் அப்படியே வைத்துவிடுகிற வீடு இது.

விற்பதற்கு முன்னால் மண்ணையாவது துடைப்போம் என்று மறுநாள் வண்டியைத் திண்ணையில் சாய்த்தேன். சக்கரத்தின் நடுவில் வட்டமாக ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு இருக்கிறது. டிஸ்க்கு என்கிறார்கள். பிரேக் அதைத்தான் கவ்விப் பிடிக்கும். அதில் விரலை வைத்தேன். வழுக்கியது. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். வேறு யார் கையும் இல்லை. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

சொல்லாமல் விட்டால் வண்டி போய்விடும். சொன்னால் செல்வி உடைந்துபோவாள். எண்ணெய் விரலைத் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டேன். பிறகு அடுப்படிக்குப் போய்க் கேட்டேன்.

"வண்டியத் தொடச்சியா செல்வி?"

"ஆமாம்மா. சனிக்கிழம, அவ கடைக்குப் போயிருந்தப்ப. மழையில துருப்பிடிச்சிருமேன்னு."

"அந்த வட்டத் தகட்டையும் தொடச்சியா?"

"அதத்தான் நல்லாத் தேச்சேன். பளபளன்னு வந்துச்சு. அப்பா வண்டிய எப்பிடித் தொடப்பேன், அது மாதிரியேதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். என் விரலைப் பார்த்தாள். "எம்புள்ளய நான்தான் தள்ளிவிட்டேனா?"

இலக்கியா பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ வேறொன்றைக் கேட்டாள்.

"நீ என் வண்டியத் தொடச்சியாம்மா? ஒனக்குத்தான் அதப் பாத்தாலே ஆகாதே?"

"ஆகாதுதான்." செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அழகா இருந்துச்சுடி. எனக்குத் தொடைக்கத்தான தெரியும்."

கேட்டீர்களா? காதைத் திறந்துவைத்துக் கேளுங்கள். வாழ்க்கையில் சைக்கிளைப் பற்றி உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். அதையும் தப்பாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். ஆசை வந்தால் ஏறிப் பார்க்கத் தெரியாமல், எண்ணெய் போட்டுத் துடைக்கிறவளாக அவளை வைத்தீர்கள். அந்த ஆசைதான் என் பேத்தியை முள்ளில் தள்ளியது. இதைச் செல்வி தலையில் போட நான் விடமாட்டேன். உங்கள் தலையில்தான் போடுவேன்.

செல்வி அப்புறம் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. பிரேக்குக்குள் இருக்கிற கட்டைகள் எண்ணெயைக் குடித்துவிட்டன, அவற்றை மாற்ற வேண்டும், தகட்டை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும் என்றாள் இலக்கியா. புதுக் கட்டைகள் நேற்று வந்தன. இன்று காலை அவள் தன் அம்மாவின் முன்னால் பொட்டலத்தைப் போட்டாள்.

"எனக்கு ஒரு கைதான் இருக்கு. நீ செய்யி. அப்புறம் விக்கிறதா வேணாமான்னு பாப்போம்."

செல்வி பஞ்சை எடுத்தாள். கறுப்பு வருவது நிற்கும்வரை தேய்த்தாள். மகள் சொல்லச் சொல்ல, ஆணியைக் கழற்றிப் பழைய கட்டையை எடுத்துப் புதியதைச் செருகினாள். ஆனால் புதுக் கட்டை உடனே பிடிக்காதாம். வண்டி ஓடி, பிரேக் பிடித்து, ஓடி, பிரேக் பிடித்து, தேய்ந்தால்தான் பிடிக்குமாம். யார் ஓட்டுவது?

"நான் ஓட்டுறேன் தாயி," என்றார் பாண்டி. "பஸ்ஸையே நிப்பாட்டுனவன்."

"வேணாம்ணே," என்றாள் செல்வி. "நான் கெடுத்தத நான்தான் சரிபண்ணணும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே விளங்கியது. "எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே!"

"மிதிக்க வேணாம்மா," என்றாள் இலக்கியா. "நம்ம தெரு ஆத்துப் பக்கம் சரிவுதான? சும்மா உருண்டு போயி பிரேக்கப் பிடி. மொதல்ல ஒன் எடையச் சொல்லு, காத்து மாத்தணும்."

"ஊருக்கே சொல்லணுமாக்கும்?"

மகள் காதில் ரகசியமாகச் சொன்னாள். முள்ளைப் பார்த்துச் சொல்கிறவள் நான்தானே, எனக்கும் தெரிந்துவிட்டது. சொல்லமாட்டேன்.

இலக்கியாவின் சுடிதாரும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு வந்தாள் உங்கள் மகள். கைப்பிடியில் ஒரு விசை இருக்கிறது, அதை அமுக்கி உட்கார்ந்தால் சீட்டு கீழே இறங்கிக்கொள்ளும். இரண்டு காலும் தரையில் ஊன்றின. பாண்டி சரிவின் அடியில் கையை விரித்து நின்றார். முதல் தடவை காலைத் தேய்த்துக்கொண்டே இறங்கினாள். பிரேக் பிடிக்கவில்லை, பாண்டிதான் பிடித்தார். "நிக்கலம்மா, நிக்கல!" என்று அலறினாள். "தேயத் தேயத்தான் நிக்கும். மறுபடி ஏத்து," என்றாள் மகள். தள்ளிக்கொண்டு ஏறினாள், உருண்டாள். ஏறினாள், உருண்டாள். எப்போது காலைத் தரையிலிருந்து எடுத்தாள் என்று நான் கவனிக்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. ஒரு தடவை பாதிச் சரிவிலேயே வண்டி சட்டென்று நின்றது. பின்ஷாக்கு ஒருமுறை அமுங்கி எழுந்தது.

"நின்னுருச்சு!" என்று அவள் கத்தியதில் தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"தங்கச்சி, ஒரு ஆளு வெலைக்குக் கேட்டிருக்கான்," என்றார் பாண்டி குறும்பாக. "வரச் சொல்லவா?"

"எவன் அவன்? விக்கிறதுக்கில்லன்னு சொல்லுங்க." மூச்சிரைக்க மகளைப் பார்த்தாள். "ஒங்கை சரியானதும் ஒன் எடைக்கு மாத்திக்க. அதுவரைக்கும் என் காத்து இருக்கட்டும். நீ மலைக்குப் போறன்னைக்கு நானும் குட்டியானையில கூட வாரேன்."

இலக்கியா கட்டுப்போடாத கையைப் பிரேக்கில் வைத்து அழுத்தி, வண்டியை ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். வண்டி நகரவில்லை. அவள் கையும் நடுங்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். செல்வி நாளைக்குப் பெடல் மிதித்துப் பார்க்கப் போகிறாளாம். எதற்கெடுத்தாலும் எங்கப்பா எங்கப்பா என்பவள் இன்றைக்கு உங்களைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. புகழவும் இல்லை, வையவும் இல்லை. உங்கள் மேல் கோபப்பட அவளுக்கு இனிமேல் நேரம் இருக்காது என்று நினைக்கிறேன். நல்லதுதான். அவள் பங்கையும் சேர்த்து அந்தக் கோபம் என்னிடமே இருக்கட்டும். எனக்கு வயசாகிவிட்டது, வேறு வேலையும் இல்லை. பத்திரமாக வைத்துக்கொள்வேன்.