மூத்தார் எதிரில் பார்த்த பிரஷர்

போன வாரம் அரியலூரில், மகள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில், என் கையில் சுற்றியிருந்த பிரஷர் பட்டையை நர்ஸ் சர்ரென்று பிரித்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் நீ என் நினைவில் வந்து நின்றாய், அம்மா. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நிலைப்படி ஓரமாக, “ஆச்சுங்களா மாமா? நான் போயிட்டு வரட்டுங்களா?” என்று கேட்டபடி.

தம்பி மனைவியான உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அம்மா என்பேன், நீ மாமா என்பாய், அதோடு சரி. தம்பி குவைத்துக்கு வண்டி ஓட்டப் போனபோது, “அண்ணே, அவளப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனான். பாடாலூரில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்றுதான் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது.

பெரம்பலூர் டாக்டர் உனக்கு பிரஷர் இருக்கிறது, அடிக்கடி அளந்துபார்க்க வேண்டும் என்றதும், தம்பி அடுத்த லீவில் மெஷினோடு வந்தான். உன் பேரப்பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று சொல்லி அதை என் அலமாரியில் பூட்டிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பஸ்ஸில் டிக்கெட் மெஷினோடு காலம் தள்ளிய கண்டக்டருக்கு, ஓய்வுபெற்ற பிறகு கையில் இன்னொரு மெஷின் கிடைத்த பெருமை. அதை யாருக்கு விட்டுக்கொடுப்பேன்?

நீ வெங்காயக் காட்டிலிருந்து நேராக வருவாய், சேலையில் மண்ணும் மூச்சில் இரைப்புமாக. நாற்காலியைக் காட்டி, “உக்காரும்மா” என்பேன். “இருக்கட்டும் மாமா” என்று தரையில் உட்காருவாய். புருஷனின் அண்ணனான மூத்தார் எதிரில் நாற்காலியில் உட்காருகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. உன் கையைத் தொட்டுப் பட்டை கட்டுவது எனக்கும் முறையில்லை. நான் எட்ட நின்று சொல்லச் சொல்ல, ரவிக்கைக் கைக்கு மேலேயே நீ சுற்றிக்கொள்வாய். கையைத் தரையில் ஊன்றியிருப்பாய். கூச்சத்தில் தலை கவிழ்ந்திருக்கும். “ம், ஆச்சா? அமுக்கு, அமுக்கு” என்று விரட்டுவேன். ஏறு ஏறு, இறங்கு இறங்கு என்று கத்தியே பழகிய வாய்.

நூற்றைம்பதுக்குக் கீழே அது காட்டியதே இல்லை.

டாக்டரிடம் போனால் குறைவாக இருக்கும். அங்கே நீ ஸ்டூலில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாய், நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். ஒருமுறை அவர் என்னை உள்ளே கூப்பிட்டு, “இங்க சரியாத்தானே இருக்கு?” என்று யோசித்தார். “வீட்ல எப்பவும் ஏறித்தான் சார் நிக்கிது. நானே என் கண்ணால பாக்குறேன்” என்று அடித்துச் சொன்னேன். அவர் என் பேச்சை நம்பி மாத்திரையைக் கூட்டி எழுதினார். நீ என்னைப் பார்த்துத் தலையாட்டினாய். உனக்காகப் பேச ஒரு ஆள் இருக்கிறான் என்று நினைத்தாயோ என்னவோ.

பிறகு என் மனைவிதான் வந்து சொன்னாள். “எந்திரிச்சா அவளுக்குக் கண்ணக் கட்டுதாம்ங்க. ஒங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுறா.”

“பிரஷர் ஏறுனா கிறுகிறுன்னுதான் வரும். மாத்திரைய மட்டும் நிறுத்திடப்போறா, சொல்லி வை.”

நீ நிறுத்தவில்லை. என் பேச்சை என்றைக்கு நீ தட்டியிருக்கிறாய்?

களத்தில் உட்கார்ந்து வெங்காயத்தாள் அரிந்துகொண்டிருந்தவள், ஒரு காலையில் எழுந்த வேகத்தில் அப்படியே சாய்ந்துவிட்டாய். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் உன் மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அப்புறம் நீ எழுந்து நடக்கவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டோம், நெஞ்சில் சளி கட்டியது, போய்விட்டாய். மாத்திரை கூடிப்போய், பிரஷர் இறங்கித்தான் விழுந்தாய் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அரியலூர் நர்ஸ் சின்னப் பெண். நான் போனதும் கையை நீட்டினேன். அவள் தொடவே இல்லை. “அய்யா, அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க. முதுகச் சாச்சுக்குங்க. காலத் தரையில பதிய வைங்க. கைய நெஞ்சுக்கு நேரா இந்தப் பலக மேல வைங்க” என்றாள். கையைப் பலகை மேல் வைத்துக்கொண்டே கேட்டேன்.

“தரையில உக்காந்து, கையக் கீழ ஊனிக்கிட்டுப் பாத்தா என்னம்மா?”

“ஏத்திக் காட்டும்ங்க அய்யா. வேலையிலேருந்து வந்த ஒடனே பாக்குறது, துணி மேல கட்டுறது, எல்லாமே தப்பாக் காட்டும். ஏங்க, வூட்ல யாருக்காச்சும் பாக்கணுங்களா?”

“இப்ப யாருக்கும் இல்லம்மா” என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் பழியை முறையின் மேல் போட்டுக்கொண்டே வந்தேன். மூத்தாராவது, மயிராவது, எவன் கண்டுபிடித்த வழக்கம் என்று. பெரம்பலூர் வருவதற்குள் அந்தச் சாக்கும் நிற்கவில்லை. நீ வழக்கத்தை மீறியிருக்கவே வேண்டியதில்லை, அம்மா. நான் செருப்பை மாட்டிக்கொண்டு, “கடத்தெரு வரைக்கும் போயிட்டு வரேன், நீ சாஞ்சு உக்காந்து பாரு” என்று சொல்லியிருந்தால் போதும். பத்தாவது வரை படித்தவள் நீ, எண்ணைப் படிக்கத் தெரியாதா? மெஷினை உன் வீட்டிலேயே வைத்திருந்தாலும் போதும். எனக்கு எழுந்து போகத் தோன்றவில்லை. நான் இருந்தால்தான் எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைத்தேன்.

தம்பி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “நீ இருந்ததாலதான்ணே அவ இத்தன நாள் இருந்தா” என்கிறான். இன்னும் அவனிடம் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நாளைக்கு அவனிடம் சொல்வேன். அவன் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வேன்.

ஆனால் அவன் மன்னித்தாலும் ஒன்று என்னை விட்டுப் போகாது. நீ போன அன்று பெண்கள் உன்னைக் குளிப்பாட்டி, கோடிச் சேலை கட்டி, நம் வழக்கப்படி உட்காரவைக்க நாற்காலி கேட்டார்கள். நான்தான் என் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். என் எதிரில் நீ நாற்காலியில் உட்கார்ந்தது அன்று ஒரு நாள்தான். முதுகு நன்றாகச் சாய்ந்திருந்தது. கால் இரண்டும் தரையில் பதிந்திருந்தன. கை நாற்காலிக் கையின் மேல் இருந்தது. அந்த நர்ஸ் பெண் எனக்குச் சொன்னாளே, அப்படியே உட்கார்ந்திருந்தாய், அம்மா.