எதிர்வரிசையில் என் தொப்பி

லண்டன், வியாழக்கிழமை

அன்புள்ள ஹெஸ்டர்,

உன் இருமல் குறைந்ததா? குழந்தைகள் சுகமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேற்று நாடாளுமன்றத்தில் ஒரு வேடிக்கை. இடம் பிடிக்க வழக்கம்போல் என் தொப்பியை இருக்கையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் அது எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிறது! வெளிநாட்டுக் கோதுமை மீதான வரியை ஒழிக்க நான் வாக்களிக்கப்போவது நம் கட்சிக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. யார் வேலை என்று கேட்டேன். எழுந்தது உன் அண்ணன் ஆம்புரோஸ்.

"நான்தான் வச்சேன் மாப்ள. வெளிநாட்டுக் கோதுமைய மலிவா உள்ள விட்டு நம்ம குத்தகைக்காரன் வயித்துல அடிக்கிறவனுக்கு அங்கதான் இடம்."

"ரொட்டி வாங்க வழியில்லாதவனும் நம்ம ஊர்தானே மச்சான்?" என்றேன். ஒரே கூச்சல். நான் போய்த் தொப்பி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

நாளை வாக்கெடுப்பு. குழந்தைகளைச் சாலைப் பக்கத்து அறையில் படுக்க வைக்காதே, காற்று அதிகம். ஜன்னல்களைச் சாத்தியே வை. வாசலில் யாராவது சத்தம் போட்டால் நாய்களை அவிழ்த்துவிடாதே; நம் குத்தகைக்காரர்கள்தானே.

கம்பளிக் காலுறையும் நம் தோட்டத்து ஆப்பிளும் அனுப்பு. இங்கே சாப்பிடும்போது என் மேஜைக்கு இப்போது யாரும் வந்து உட்காருவதில்லை.

தபால் வண்டி கிளம்புகிறது. ஞாயிறு விருந்துக்கு உன் அண்ணன் வரமாட்டார். இருந்தாலும் அவருக்கும் ஒரு தட்டு வை.

உன்
எட்மண்ட்