இரண்டு பாட்டில் தண்ணீர்

மினியாபோலிஸ்
9 மே 1993

அன்புள்ள வனஜா,

ஆவடி வெயிலில் நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே இப்போதுதான் ஏரியில் பனி உருகியிருக்கிறது.

ஒரு காரியமாக எழுதுகிறேன். என் சின்னப் படகின் மோட்டாரையும் பெட்ரோல் டாங்கையும் குளிர்காலம் முழுக்க மருமகன் டேனியலின் கராஜில் வைத்திருந்தேன். போன ஞாயிறு கிளப்பினால் கொஞ்சம் ஓடி நின்றுவிட்டது. மெக்கானிக் டாங்கை வடித்துப் பார்த்தார். அடியில் இரண்டு பாட்டில் தண்ணீர்!

நம் ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? அன்றைக்குக் குமணன்சாவடியில் என் ஸ்கூட்டர் நின்றதே, பெட்ரோலில் என்ன கலந்திருந்தது? தண்ணீர் தானாக வராது. டேனியலை, அவன் பெற்றோர் முன்னாலேயே, நீதான் ஊற்றினாயா என்று கேட்டுவிட்டேன். அவன் இல்லை என்கிறான். பெற்ற மகள் கஸ்தூரி என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு ஆகஸ்டில் குழந்தை பிறக்கும். அவனிடம் மன்னிப்புக் கேட்காமல் வாசல் மிதிக்கக் கூடாதாம். உன் அண்ணி போனபிறகு எனக்கென்று இருப்பது இவள் ஒருத்திதான். அத்தை சொன்னால் கேட்பாள். அவளுக்கு எழுது.

உன் அண்ணன்,
குணசேகரன்


ஆவடி
22 மே 1993

அன்புள்ள அண்ணனுக்கு,

கஸ்தூரிக்கு நான் எழுதவில்லை. எழுதும் அளவுக்கு எனக்கு எதுவும் தெரியாது. உங்களுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

எதிர் குவார்ட்டர்ஸ் வடிவிடம் சொன்னேன். "வெள்ளக்காரன் இன்னாத்துக்குக்கா மாமனார் படகுல தண்ணி ஊத்தப் போறான்? அவனுக்கு வேற ஜோலி இல்லியா?" என்றாள். நல்ல கேள்வி. ஆனால் கேள்வி சாட்சி ஆகாது. இருபது வருஷமாகக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தும் எனக்கு அதற்கு மேல் கொஞ்சம் வேண்டும்.

டாங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, எப்போது நிரப்பினீர்கள், அது எந்த மாதிரிப் பெட்ரோல்? மூடி எப்படிப்பட்டது? மோட்டாருக்குள் வேறு என்ன கெட்டிருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார்? வடித்ததைக் கொட்டிவிட்டீர்களா? கோபத்தை விட்டுவிட்டு இவற்றை மட்டும் எழுதுங்கள்.

வனஜா


மினியாபோலிஸ்
5 ஜூன் 1993

அன்புள்ள வனஜா,

போலீஸ்காரியாகப் போயிருக்க வேண்டியவள் நீ.

அக்டோபர் கடைசியில் நிரப்பினேன், இருபது லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. வழக்கம்போல் மோட்டாருக்கான எண்ணெயையும் அதிலேயே கலந்தேன். போன குளிர்காலத்திலிருந்து இங்கே பெட்ரோல் பங்க்குகளில் சோளத்திலிருந்து எடுக்கும் ஆல்கஹாலைப் பத்தில் ஒரு பங்கு கலந்து விற்கிறார்கள். புகை குறையுமாம். என் காருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. மூடியில் காற்று போக ஒரு திருகு உண்டு. மோட்டார் ஓடும்போது திறக்க வேண்டும், நின்றதும் மூட வேண்டும். ரப்பர் குழாய் ஊறிக் கொழகொழத்துவிட்டது. கார்புரேட்டரில் பிசின். பிஸ்டனில் கீறல்.

வடித்ததை ஜாடியில் மூடி வைத்திருக்கிறேன். சாட்சி வேண்டாமா?

குணசேகரன்


ஆவடி
19 ஜூன் 1993

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆல்கஹாலைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

செவ்வாய்க்கிழமை லேபில் செய்து பார்த்தேன். தொண்ணூறு மில்லி பெட்ரோல், பத்து மில்லி சுத்த ஆல்கஹால். இரண்டும் ஒன்றாகி, கண்ணாடிபோல் தெளிந்து நின்றன. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதல் சொட்டுகள் இருந்த இடம் தெரியவில்லை. பதினைந்து சொட்டுக்குப் பக்கத்தில் சட்டென்று பால்போல் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் அடியில் தனி அடுக்கு. நான் விட்ட தண்ணீரைப்போல் பல மடங்கு உயரம். ஐஸில் வைத்தபோது அதைவிடக் குறைந்த தண்ணீரிலேயே பிரிந்தது.

எங்கள் லேப் அட்டெண்டர் கஜபதி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, துளியூண்டு வுட்டா இம்மாம் ஏறிக்கினு போவுது! பால்காரன் கண்ணுல காட்டிடாதீங்க!"

பெட்ரோல் தண்ணீரைச் சேர்க்காது, ஆல்கஹால் விடாது. காற்றின் ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால், அல்லது குளிர்ந்தால், பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு அடியில் போய் உட்காரும். உங்கள் இரண்டு பாட்டிலில் பெரும்பகுதி ஆல்கஹாலாக இருக்க வேண்டும். நீங்கள் கலந்த எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மோட்டார் அடியிலிருந்து உறிஞ்சியது, எண்ணெய் இல்லாமல் ஓடியது. பிஸ்டனில் கீறல் அதனால்தான். தினம் ஓடும் கார் பெட்ரோலைத் தீர்த்துவிடுகிறது. படகு ஆறு மாதம் சும்மா கிடந்தது.

ஜாடியின் அடியில் இருப்பதில் ஒரு கரண்டி மட்டும் எடுங்கள். வீட்டுக்கு வெளியே, ஜாடியைத் தூரமாக வைத்துவிட்டு, நீளமான குச்சியால் தீ வையுங்கள். தண்ணீரானால் எரியாது. எரிந்தால், டேனியல் உத்தமன் என்று அது நிரூபிக்காது. அவன் ஊற்றியதாக நீங்கள் சொன்ன இரண்டு பாட்டில் தண்ணீர் அங்கே இல்லை என்று நிரூபிக்கும்.

பிறகு அந்தத் திருகைப் பாருங்கள். திறந்து கிடந்தால் ஈரக்காற்று உள்ளே போகும் வழி அதுதான்.

வனஜா


மினியாபோலிஸ்
3 ஜூலை 1993

அன்புள்ள வனஜா,

எரிந்தது.

திருகு திறந்த நிலையிலேயே இறுகிப்போயிருக்கிறது. கையால் திருப்ப முடியவில்லை. கராஜில் கொண்டுபோய் வைத்தது நான்தான்.

மோட்டாரைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டேன். இனி ஏரிக்குப் போய் வந்ததும் டாங்கை வடித்துவிடுவேன். நடந்தது நடந்துவிட்டது. நாளானால் கஸ்தூரியின் கோபமும் ஆறிவிடும். இதைக் கிளற வேண்டாம்.

குணசேகரன்


ஆவடி
15 ஜூலை 1993

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறாது. அவள் உங்கள் மகள்.

மோட்டாரைச் சரிசெய்ததை ஏன் எனக்கு எழுதுகிறீர்கள்? நான் அதைக் கேட்கவில்லை. அவனைத் திருடனைப்போல் நிறுத்திக் கேட்டபோது அவன் அப்பா அம்மா இருந்தார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்ச் சொல்லுங்கள். தொலைபேசியில் வேண்டாம். பெட்ரோல், ஈரம், குளிர் என்று ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

தன் கல்யாணத்துக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினீர்கள் என்று கஸ்தூரி அப்போதே எனக்கு எழுதியிருந்தாள். இரண்டு வருஷமாக நான் உங்களிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அது என் தப்பு.

ஆகஸ்டுக்கு அதிக நாளில்லை. இந்தக் கடிதம் வந்த வார ஞாயிறே போங்கள்.

வனஜா


மினியாபோலிஸ்
1 ஆகஸ்ட் 1993

அன்புள்ள வனஜா,

இன்று போயிருந்தேன். கஸ்தூரி, டேனியல், அவன் பெற்றோர் நால்வரும் பின்கட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஜாடியையும் கரண்டியையும் கொண்டுபோயிருந்தேன். நீ சிரிப்பாய். தூரமாக வைத்துக் கொளுத்திக் காட்டி, திருகைத் திறந்து விட்டவன் நான்தான் என்று சொன்னேன். டேனியலைப் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் அப்பா கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு தடவை கொளுத்துங்கள் என்றார். கொளுத்தினேன். டேனியல் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். கஸ்தூரி மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. தமிழில் சொன்னாள்: "நைனா, அன்னிக்கு நீங்க பேசினது தண்ணியப் பத்தி இல்ல."

டேனியலுக்குப் புரியவில்லை. அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஈரம், குளிர் என்று வாய்வரை வந்தது. உன் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது.

"ஆமாம்மா, இல்ல. கல்யாணத்தன்னிலேருந்தே டேனியல நான் ஏத்துக்கல" என்றேன். அதையே இங்கிலீஷில் டேனியலுக்கும் அவன் பெற்றோருக்கும் சொன்னேன். அது கரண்டியைக் கொளுத்துவதுபோல் சுலபமாக இல்லை.

அவள் மெதுவாக எழுந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டாள். "உக்காருங்க" என்றாள்.

உன் அண்ணன்,
குணசேகரன்