கறுப்பு ரிம் போட்ட சின்னச் சாவி

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டகலை பஜாரில் அந்த முஸ்லிம் நானாவின் சைக்கிள் கடைக்குள் கால் வைத்தேன். புது டயர் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்து, எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் எங்கள் பள்ளத்து டிவிஷனில் யாருக்காவது இடுப்புவலி கண்டால், வாய் தவறி உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் இடத்துக்கு ஒரு புது மருத்துவச்சி வந்திருக்கிறாள். நல்ல மாதிரி. ஆனால் நடந்தே தேயிலைத் தோட்டத்தின் மூன்று டிவிஷனையும் சுற்றி இப்போதே இளைத்துப் போனாள். சைக்கிள் வாங்கலாம் என்று ஆசை. "சாவி மார்க்கு பழைய பேருதான்க்கா. அதுல மலிவா ஒண்ணு வச்சிருக்காங்களே, அது தாங்குமா, இல்ல பேரை வச்சு ஏமாத்துறாங்களா?" என்று என்னைக் கேட்டாள். பிள்ளைக்காம்பராவில் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிற எனக்குச் சைக்கிளைப் பற்றி என்ன தெரியும்? நீங்கள் வாங்கியபோது பக்கத்தில் நின்றேன் என்ற ஒரே தகுதிதான்.

அதே கேள்வியோடுதான் நீங்களும் நானும் பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடைக்குப் போனோம். முன்பக்கம் பித்தளைச் சாவி பதித்த அந்த இங்கிலீஷ் வண்டி, நம் அப்பாமார் காலத்திலிருந்தே ஸ்டாஃப் வீடுகளில்தான் நிற்கும். தோட்டத்தில் நமக்குத் தெரிந்து அது இருந்தது கண்டாக்கையா ஒருத்தரிடம்தான். தேயிலை மலைகளைச் சுற்றி ஆட்களை வேலை வாங்குகிறவர், அந்த வண்டியை மாப்பிள்ளையைப் போல வைத்திருந்தார். ரிம்மெல்லாம் நிக்கல் பூசி, முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்தக் கம்பெனிக்காரனே பிறகு மலிவாக ஒரு வண்டியை இறக்கினான். அதற்கு நாம் வைத்த பெயர் சின்னச் சாவி. பளபளப்பு கிடையாது. கைப்பிடி முதல் ரிம் வரை எல்லாம் கறுப்புப் பெயின்ட்.

"பேருதான் சாவி, உள்ளுக்குத் தகரம்" என்று கண்டாக்கையா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நானா அதைக் கேட்டுச் சிரித்தது நினைவிருக்கிறதா? "தங்கச்சி, கம்பெனிக்காரன் சோடனையத்தான் கொறச்சிருக்கான். எலும்புல கை வைக்கல்ல" என்றார். நீங்கள் அவர் சொன்னதையும் நம்பவில்லை. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, காதைக் கிட்ட வைத்துக் கேட்டீர்கள். பைப்புகள் சேருகிற மூட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினீர்கள், பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைத் தடவுகிற மாதிரியே. கடைசியில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, ரிம்மை நனைத்துவிட்டுப் பிரேக்கைப் பிடித்தீர்கள். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

உங்கள் அப்பா பட்டிப்பொலையில் ரயில் பாதை வேலை. சரிவில் ஓடும் தள்ளுவண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். "ஏறுறதுக்குக் காலு போதும் புள்ள. எறங்குறதுக்குத்தான் வண்டி நல்லா இருக்கணும்" என்பீர்கள். கண்டாக்கையா மழை நாளில் ஏற்றத்திலும் தள்ளுவார், இறக்கத்திலும் தள்ளுவார். கையில் குடை, பக்கத்தில் வண்டி. நனைந்த நிக்கலில் பிரேக் கட்டை வழுக்கும் என்பது அவருக்கும் தெரியும். அழகுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார். உங்கள் கறுப்பு ரிம் மழையிலும் கட்டையைக் கவ்வும். கீச்சென்று கத்தும், ஆனால் நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. சீட்டு கருங்கல். மணி மூன்றாம் மாதமே செத்துப்போய், நீங்கள் வாயாலேயே "ஓரம், ஓரம்" என்று கூவிக்கொண்டு வருவீர்கள். மட்கார்டு போடுகிற சத்தத்தில் மாடு மிரளும். என்றாலும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்களுக்கு அந்தச் சத்தம்தான் தைரியம்.

எனக்கு அது தைரியத்துக்கும் மேலே. என் மூத்தவன் பிறந்தபோது உங்களிடம் வண்டி இல்லை. ஆள் ஓடிவந்து சொல்லி, நீங்கள் உங்கள் பக்கமிருந்து மேட்டு முனை ஏறி, எங்கள் பக்கம் இறங்கி, மூச்சிரைக்க லயத்துக்குள் நுழைந்தபோது என் பிள்ளை போய்விட்டிருந்தான். நீங்கள் என் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதீர்கள். பிறகு நேராகத் தோட்டத்து மேனேஜர் தொரையிடம் போய், சைக்கிள் ஓட்ட உத்தரவு கேட்டீர்கள். பொம்பளை சைக்கிளில் போவதா என்று அவர் யோசித்தார். மழைக்காலம் முடியும் வரை ஓட்டிப் பார், ஒரு விபத்து நடந்தாலும் வண்டியைத் தோட்டத்து ரோட்டில் கண்ணால் பார்க்கக் கூடாது என்றார். அந்த நிபந்தனையோடுதான் சின்னச் சாவி நம் தோட்டத்துக்குள் வந்தது. நான் மறுபடி முழுகாமல் இருந்தேன்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதத் தோன்றுகிறது.

அன்று ஆயுத பூஜை. கத்தி, மண் கிளறும் முள்ளு, கூடை என்று தோட்டமே கழுவித் துடைத்துப் பொட்டு வைத்திருந்தது. நான் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் சங்கிலிக்கும் பால் காய்ச்சும் சட்டிக்கும் பூஜை வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வண்டியை வாசலில் சாத்திவிட்டு, ஒரு பச்சை உடம்புக்காரியைப் பார்க்கப் போனீர்கள். எனக்கு அந்த வண்டி மேல் அப்படி ஒரு பாசம். தகரம், தகரம் என்று எல்லாரும் ஏசுகிறார்களே, இன்றைக்காவது மினுங்கட்டும் என்று நினைத்தேன். துணியில் நல்லெண்ணெயைத் தோய்த்து, கைப்பிடியிலிருந்து ஆரம்பித்து ரிம்மின் உள்பக்கம் வரை ஒரு இடம் விடாமல் தேய்த்தேன். ஏழு மாத வயிற்றோடு குனிந்து குனிந்து தேய்த்தேன். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவையும் சொருகினேன்.

நீங்கள் திரும்பி வந்து பார்த்து, "எனக்கு இல்லாத சோடனையா இதுக்கு!" என்று சிரித்தீர்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பள்ளத்திலிருந்து மேட்டு முனை வரை தள்ளிக்கொண்டுதானே ஏறுவீர்கள், பிரேக்குக்கு அதுவரை வேலை இல்லை. மறுபக்கம் இறங்கும்போது, மாரியம்மன் கோயில் திருப்பத்தில், கட்டை பிடிக்கவில்லை. நீங்களும் வண்டியும் பையும் தேயிலைக்குள் போய் விழுந்தீர்கள்.

பொழுது சாய்வதற்குள் செய்தி எங்கள் லயத்துக்கு வந்துவிட்டது. "மருத்துவச்சியம்மாவத் தகர வண்டி கவுத்துடுச்சாம்!" என் கையைப் பார்த்தேன். எண்ணெய் பட்ட கை இன்னும் வழவழவென்று இருந்தது. ரிம்மில் எண்ணெய் போட்டால் கட்டை வழுக்கும் என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது.

விடிந்ததும் வீட்டுக்காரரிடம் கூடச் சொல்லாமல் மேட்டு முனை ஏறினேன். வழியெல்லாம் பயம். சொன்னால் என் வேலை போகும், மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்புவார்கள், இந்த வயிற்றோடு கூடை சுமக்க வேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் வண்டி போகும், என் பிள்ளைக்கு நீங்கள் நடந்துதான் வருவீர்கள். நடந்து வந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா?

பெரட்டுக் களத்தில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றிருந்தார்கள். நீங்கள் முழங்காலில் கட்டோடு, தொரைக்கு முன்னால். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன் சார், மலிவு வண்டி மலையில நிக்காதுன்னு" என்றார் கண்டாக்கையா. அவருக்குக் குடை பிடிக்கவே மறந்துபோன சந்தோஷம்.

"மருத்துவச்சி, நீ என்னா சொல்றது? பிரேக் சரியில்லையா?" என்றார் தொரை.

"விழுந்தது நான்தானுங்க தொரை. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க" என்றீர்கள்.

தொரை தலையை ஆட்டினார். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு, பள்ளத்து டிவிஷனுக்குப் பழையபடி கிழமைக்கு இரண்டு நாள் நடந்து போ என்று சொல்லத் தொடங்கியதுமே என் கால்கள் முன்னால் போய்விட்டன. அதுவரை நான் எந்தத் தொரையிடமும் வாய் திறந்தவள் இல்லை.

"வண்டி மேல குத்தமில்லீங்க தொரை. நான்தானுங்க பூசைக்கு எண்ண போட்டேன். அந்த வட்டத்துலயும் போட்டுட்டேனுங்க. தெரியாம செஞ்சுட்டேன்."

முதலில் யாரோ சிரிக்க, பெரட்டே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தொரை மட்டும் சிரிக்கவில்லை. வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, ரிம்மை விரலால் தொட்டு முகர்ந்தார். நீங்கள் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு ஆள் அனுப்பி மண்ணெண்ணெய்த் துணியும் அடுப்புச் சாம்பலும் வாங்கி, இரண்டு சக்கரத்தையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினீர்கள். பிறகு கட்டுப் போட்ட காலோடு ஏறி, அந்தத் தூறலில் ஸ்டோர்ச் சரிவில் மேலிருந்து விட்டீர்கள். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. கீச்சென்ற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். தொரையின் பூட்சுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. தொரைதான் இரண்டடி பின்னால் போயிருந்தார்.

"கண்டாக்கு, இப்போ உங்க வண்டி இறக்குங்க" என்றார் தொரை.

"இன்னைக்கு முழங்கால்ல கொஞ்சம் வலி சார்" என்றார் கண்டாக்கையா. விழுந்து அடிபட்டவர் நீங்கள், வலி அவருக்கு! அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் தோட்டம் சிரித்தது. என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. தொரை போகும்போது, "பொம்பளை, இனி சாமிக்கு மட்டும் எண்ணெய்" என்றார், அவ்வளவுதான்.

சரி, புது மருத்துவச்சியின் கேள்விக்கு வருகிறேன். சாகிறவரை உங்களைச் சுமந்த வண்டி அது. எத்தனை வருஷம், எத்தனை பிரசவம். மூட்டு விடவில்லை, அச்சு தேயவில்லை. இப்போது நானாவின் மகன் கடை பார்க்கிறார். நான் உங்களைப் போலவே சக்கரத்தைச் சுற்றிக் காதை வைத்தேன், மூட்டுகளைத் தடவினேன், வாளித் தண்ணீர் கேட்டேன். எலும்பு இன்னும் பழைய எலும்புதான் அக்கா, அதில் கம்பெனிக்காரன் நாணயஸ்தன். ஆனால் சின்னச் சாவிக்கும் இப்போது நிக்கல் ரிம் போட்டுவிட்டான்! "எல்லாரும் மினுக்கம் கேக்குறாங்க, நாங்க என்ன செய்ற?" என்றார் மகன். உள்ளே விற்காமல் கிடந்த பழைய கறுப்புச் சக்கரம் இரண்டைத் தேடி எடுக்க வைத்து, அதை மாட்டித்தான் வண்டியை வாங்கிக் கொடுத்தேன். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

இவ்வளவையும் எழுதியது வண்டிக் கதை சொல்ல இல்லை. அந்த வருஷம் மார்கழியில், பனியும் தூறலுமாக ஒரு காலையில் எனக்கு வலி எடுத்தது. வீட்டுக்காரர் ஓடினார். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கும் முன்னே மட்கார்டுச் சத்தம் லயத்துக்கு வந்துவிட்டது. பிள்ளையின் கழுத்தில் கொடி இரண்டு சுற்று. உங்கள் கை கொடியை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றியது. நீலம் பாரித்துக் கிடந்தவள், நீங்கள் தூக்கிப் பிடித்து முதுகில் தட்டியதும் வீறிட்டாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை.

நீங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது, மனசு பொறுக்காமல் கேட்டேன். "அக்கா, அன்னைக்கு எண்ணெயாலதான் விழுந்தீங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"விழுந்ததுமே ரிம்மத் தொட்டுப் பாத்தேன் புள்ள. வெரலு வழுக்குச்சு."

"அப்புறம் ஏன் தொரைகிட்ட சொல்லல?"

"மாசமா இருக்கவள நான் காட்டிக்குடுப்பேனா?"

"நான் வந்து சொல்லாம இருந்திருந்தா?"

நீங்கள் துண்டில் கையைத் துடைத்தீர்கள். "ஒனக்கு நாள் நெருங்கினதும் இங்கனயே வந்து படுத்திருப்பேன்" என்றீர்கள், ஏதோ கடைக்குப் போய் வருகிற மாதிரி.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் கையை நினைக்கிறேன், அதைவிட அன்று தொரை முன்னால் மூடியே இருந்த உங்கள் வாயை நினைக்கிறேன். அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

பிள்ளைக்காம்பராவில் பால் கொட்டிக் கிடந்தால், கொட்டியது எந்தப் பிள்ளை என்று எனக்குத் தெரியும். நான் பேர் சொல்வதில்லை. துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருப்பேன். துடைத்து முடிக்கும் முன், ஏதாவது ஒரு பிஞ்சுக் குரல் பின்னாலிருந்து, "நான்தான் ஆயா" என்று சொல்லும். சொல்லாத நாளும் உண்டு. அன்றைக்கு இன்னொரு தரம் துடைப்பேன்.