வலது காலில் சொன்ன பொய்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். இந்த முறை அதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே நலம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டதும் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. மேல்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அவர்கள் நாற்காலி இழுக்கிற சத்தத்துக்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன், இப்போது அந்தச் சத்தமும் இல்லை. வாரம் தவறாமல் வருகிறேன் என்ற உன் சித்தப்பா வந்து ஒரு மாதமாகிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பதிலாக வந்திருக்கும் விளையாட்டு டீச்சர் நன்றாக நடத்துகிறாளாம். பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்களா என்று தலைமையாசிரியையிடம் விசாரித்தேன், அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் மாதம் ஒற்றைக் காலால் தாண்டச் சொல்லிப் பார்ப்பார்கள், அதில் தேறவில்லை என்றால் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னாய் அல்லவா. நீ ஆறுதலுக்குச் சொன்னாய், நான் அதையே பிடித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை பிசியோதெரபி பெண் தரையில் அளவு டேப்பை ஒட்டி வைத்திருந்தாள். நல்ல கால் தாண்டுகிற தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது ஆபரேஷன் செய்த கால் தாண்ட வேண்டும், அதுதான் கணக்கு. இடது கால் நூற்றுப்பத்து சென்டிமீட்டர் போனது. வலது காலை வேண்டுமென்றே அடக்கி எழுபதில் இறக்கினேன், முகத்தைக்கூடச் சுளித்துக்கொண்டேன். நீளம் தாண்டுதலில் எத்தனை பிள்ளைகளின் தில்லுமுல்லைக் கையும் களவுமாகப் பிடித்தவள் நான், என் லட்சணத்தைப் பார். அடுத்து ஆறு மீட்டரை ஒவ்வொரு காலாலும் தத்தித் தத்தி எவ்வளவு வேகமாகக் கடக்கிறேன் என்று பார்த்தாள். ஸ்டாப்வாட்ச் சத்தம் கேட்டதும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது, பந்தயம் என்று நினைத்துப் பறந்துவிட்டேன். இரண்டு காலுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம். அவள் டேப்பையும் ஸ்டாப்வாட்ச்சையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "டீச்சர், தூரத்துக்கு வராத கால் வேகத்துக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" என்றாள். கோபமில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுபடியும் தாண்டினேன், நூற்றிரண்டு. தேறிவிட்டீர்கள், இனி வர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்று மாலை நீ கேட்டபோது எழுபதுதான் வந்தது என்று சொன்னேன். நீ உடனே டிக்கெட் பார்க்கிறேன் என்றாய்.

இதுதான் நான் செய்தது. என் கால் நன்றாகிவிட்டது, காலுக்காக நீ வர வேண்டியதில்லை. எனக்கு இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, அதை நேராகச் சொல்லத் தெரியாமல் முழங்காலைச் சாக்காக வைத்துக்கொண்டேன். டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த ஒரு வரி மட்டும் எழுத வரவில்லை.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும். தலை ஈரத்தோடு படுக்காதே, இதைப் படித்ததும் என்னைத் திட்டுவதற்காகவாவது போன் செய்.

இப்படிக்கு,
இரண்டு காலும் நன்றாக இருக்கும்
உன் அம்மா